கொப்புளத்தில் தேதி எழுதியிருக்காது

கோவை, ஈரோடு, திருப்பூர், நாமக்கல் என எந்த ஊர் அரசுத் தலைமை மருத்துவமனைக்குப் போனாலும் பால்வினை நோய்களுக்கென்று ஓர் அறை இருக்கும். பலகையில் பெரும்பாலும் ‘சுகவாழ்வு மையம்’ என்று எழுதியிருப்பார்கள். உள்ளே ஏழு நிறங்களில் மருந்துப் பொட்டலங்கள் இருக்கும். தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு செய்த ஏற்பாடு அது. வெள்ளைப்படுதலுக்குப் பச்சை. அடிவயிற்று வலிக்கு மஞ்சள். பிறப்புறுப்பில் புண் என்றால் அதன் தன்மையைப் பார்த்து வெள்ளை, நீலம் அல்லது சிவப்பு. கூச்சத்தோடு ஒருமுறை வந்தவர் மறுமுறை வருவாரா என்பது யாருக்கும் தெரியாது. அதனால் ஆய்வக முடிவுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே மருந்தைக் கையில் கொடுத்து அனுப்பிவிட வேண்டும் என்பது கணக்கு. சிவப்புப் பொட்டலத்தில் 400 மில்லிகிராம் அசைக்ளோவிர் மாத்திரைகள் இருபத்தொன்று இருக்கும். நாளுக்கு மூன்று வீதம் ஏழு நாளுக்கு. அது பிறப்புறுப்பு ஹெர்பிஸுக்கான பொட்டலம்.

மற்ற ஆறும் முழுதாகக் குணமாகிற நோய்களுக்கானவை. சிவப்பு அப்படியல்ல. புண்ணை ஆற்றும், வலியைக் குறைக்கும், நாளைச் சுருக்கும். ஆனால் வைரஸை உடம்பிலிருந்து வெளியேற்றாது. காட்டில் கோரை பிடுங்கியவர்களுக்கு இது எளிதில் புரியும். மேலே தெரிகிற புல் போய்விடும்; கிழங்கு மண்ணுக்குள் கிடக்கும். ஹெர்பிஸ் வைரஸ் தோலில் பெருகிவிட்டு நரம்பு வழியாகவே மேலேறி, முதுகுத் தண்டின் அடிப்பகுதியை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் போய்த் தங்கிவிடுகிறது. காய்ச்சலோ களைப்போ மாதவிடாயோ மன உளைச்சலோ சாக்காக அமைந்தால் வந்த வழியே திரும்பி வரும். ஒன்றும் இல்லாமலும் வரும். சிலருக்கு வரவே வராது.

இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் இங்கே சொல்ல வருவதன் மையமே இருக்கிறது.

ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸில் இரண்டு வகை உண்டு. முதல் வகை பெரும்பாலும் வாயோரத்தில் கொப்புளம் போடுவது. இரண்டாம் வகை பெரும்பாலும் பிறப்புறுப்பில் வருவது. உலக சுகாதார நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி ஐம்பது வயதுக்கு உட்பட்டவர்களில் சுமார் 380 கோடிப் பேருக்கு முதல் வகை இருக்கிறது, அதாவது 64 சதவீதம். பதினைந்து முதல் நாற்பத்தொன்பது வயதுக்குள் சுமார் 52 கோடிப் பேருக்கு இரண்டாம் வகை, ஏறக்குறைய எட்டில் ஒருவருக்கு. இவர்களில் பெரும்பாலோர் தங்களுக்கு இருப்பது தெரியாமலே வாழ்கிறார்கள். அமெரிக்காவில் நாடு தழுவிய ஓர் ஆய்வில், ரத்தத்தில் இரண்டாம் வகை கண்டறியப்பட்டவர்களில் 87 சதவீதம் பேரிடம் எந்த மருத்துவரும் அதுவரை அதைச் சொல்லியிருக்கவில்லை.

எட்டில் ஒருவருக்கு இருக்கும் ஒன்று ஊருக்குள் பேச்சாகவே இல்லாமல் போனது எப்படி? தமிழ்நாட்டில் இதற்கு ஒரு தனி வரலாறு உண்டு. 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் துறையில் இருந்த சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டுபிடித்தார்கள். 1994-இல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் பிறந்தது. நாமக்கல் லாரிப் பட்டறைகளிலும் திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும் ஆணுறைப் பேச்சு பகிரங்கமாக நுழைந்தது. 2000-களின் தொடக்கத்தில் எய்ட்ஸ் விழிப்புணர்வு விளம்பரத்தின் கற்பனை மனிதர் புள்ளிராஜா சுவரெங்கும் வந்தார். பேருந்தில் போகிற பிள்ளைகள்கூட அந்த விளம்பரத்தைப் படித்துக்காட்டிச் சிரித்தார்கள். பிரச்சாரம் பலித்தது, அதில் சந்தேகமில்லை. ஆனால் கூடவே ஒரு சித்திரமும் மனத்தில் படிந்துவிட்டது. இந்த மாதிரி நோய் என்றால் ‘அந்த மாதிரி ஆளுக்கு’ வருவது, தப்பு செய்தவனுக்கு வருவது என்று. அமெரிக்காவிலும் இதே கதைதான். 1982 ஆகஸ்டில் டைம் இதழ் ஹெர்பிஸை அவமானச் சின்னமாக அட்டையில் போட்டது. அதற்கு முன்பு அங்கே அதை ஒரு தோல் தொல்லையாகக் கருதியவர்களே அதிகம்.

ஹெர்பிஸ் அந்தச் சித்திரத்துக்குள் அடங்காத நோய்.

அறிகுறிகளைப் பார்க்கலாம். தொற்றிய இரண்டு முதல் பன்னிரண்டு நாளுக்குள், வருகிறவர்களுக்கு, முதல் தாக்குதல் வரும். முதலில் அந்த இடத்தில் குறுகுறுப்பு, எரிச்சல், தொடையிலோ பிட்டத்திலோ சுள்ளென்ற நரம்பு வலி. பிறகு சிவந்த தோலின் மேல் கடுகளவு நீர்க் கொப்புளங்கள் கொத்தாகத் தோன்றும். ஓரிரு நாளில் உடைந்து, ஆழமில்லாத, தொட்டால் உயிர் போகிற புண்களாகும். கவட்டில் நெறி கட்டும். காய்ச்சலும் உடம்பு வலியும் சேரும். சிறுநீர் புண்ணில் படும்போது வரும் எரிச்சலுக்குப் பயந்து தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடும் பெண்கள் உண்டு. சிறுநீர் கட்டிக்கொண்டு அவசரப் பிரிவுக்கு வருபவர்களும் உண்டு. இரண்டு முதல் நான்கு வாரத்தில் ஆறும்.

அடுத்தடுத்து வருபவை லேசானவை. சிறு கீறல், ஒரே ஒரு கொப்புளம், நாலைந்து நாள் அரிப்பு. அவ்வளவுதான். இரண்டாம் வகையாக இருந்தால் முதல் ஆண்டில் நான்கு முறை வருவது சாதாரணம். முதல் வகையாக இருந்தால் ஒருமுறை வந்தாலே அதிகம். ஆண்டு கூடக்கூட இரண்டும் தணியும். பெண்களுக்குக் கருப்பை வாயில் மட்டும் புண் வந்தால் கண்ணுக்கே தெரியாது.

லேசான கீறலைப் பார்த்து யார்தான் பால்வினை நோய் என்று நினைப்பார்கள்? கொங்கு நாட்டில் முதல் குற்றவாளி சூடு. “உடம்பு சூடுங்க, எளநி குடிச்சா செரியாப் போயிருமுங்க.” அடுத்தது சிலந்தி எச்சம். மூன்றாவது அக்கி. அக்கி என்றால் குயவர் வீட்டுக்குப் போய்ச் செங்காவியால் எழுதிக்கொள்ளும் வழக்கம் இன்னும் பல ஊர்களில் இருக்கிறது. அக்கியை உண்டாக்குவது சின்னம்மை வைரஸ். அதுவும் நரம்புக்குள் ஒளிந்திருந்து வருவதுதான். ஆனால் அது உடம்பின் ஒரு பக்கத்தில் பட்டையாகப் படரும். பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒருமுறைதான் வரும். அதே இடத்தில் மறுபடி மறுபடி ‘அக்கி’ வருகிறது என்றால் அது அக்கியாக இருக்க வாய்ப்புக் குறைவு.

நான்காவதாக மருந்துக் கடை. கல்லாவுக்கு அந்தப் பக்கம் நிற்பவர் புண்ணைப் பார்க்கமாட்டார், பார்க்கவும் கூடாது. “பூஞ்சைதானுங்க, இதப் போடுங்க, ரண்டு நாள்ல காஞ்சிரும்” என்று ஒரு களிம்பை நீட்டுவார். ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாட்டிக்கும் கலந்த கூட்டுக் களிம்பு. ஸ்டீராய்டு அந்த இடத்து எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும். அரிப்பு அடங்கினாற்போல் தெரியும், வைரஸ் பரவும். மருத்துவர் சீட்டில்லாமல் இத்தகைய களிம்புகளை விற்கக்கூடாது என்று மத்திய அரசு 2018-இல் விதியை இறுக்கியது. தோல் மருத்துவர்கள் சங்கம் இதற்காகவே ஒரு பணிக்குழு வைத்துப் போராடி வருகிறது. கடைவீதியில் இறுக்கம் தெரியவில்லை.

எதிர்ப்பக்கத்துத் தவறும் நடக்கும். இணையத்தில் படித்துவிட்டு எல்லாப் புண்ணையும் ஹெர்பிஸ் என்று நினைத்துத் தூக்கம் கெடுபவர்கள் இருக்கிறார்கள். சர்க்கரை கட்டுப்படாத ஆண்களுக்கு முன்தோல் வெடிப்பது பெரும்பாலும் பூஞ்சையால். வலி மாத்திரையோ ஆன்டிபயாட்டிக்கோ ஒத்துக்கொள்ளாமல், ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் புண் வந்து கறுப்புத் தழும்பு விட்டுப் போவதும் உண்டு. அது தொற்றே அல்ல. சிபிலிஸ் புண் வலிக்காது, அடி கெட்டியாக இருக்கும். வலிக்கவில்லை என்று அதை விட்டுவிடுபவர்கள்தான் உண்மையில் ஆபத்தில் இருக்கிறார்கள். எனவே பிறப்புறுப்பில் எந்தப் புண் வந்தாலும் சிபிலிஸ், எச்.ஐ.வி. பரிசோதனை இரண்டையும் மருத்துவர் கேட்பார். அது சந்தேகப்பட்டு அல்ல, வழக்கம் அது. இரண்டாம் வகை ஹெர்பிஸ் இருப்பவருக்கு எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு என்பதும் அந்த வழக்கத்துக்கு ஒரு காரணம்.

இனி, எல்லோரும் கேட்க நினைத்துக் கேட்காத கேள்வி. எப்படித் தொற்றுகிறது, எவ்வளவு தொற்றுகிறது?

தோலோடு தோல், சளிச்சவ்வோடு சளிச்சவ்வு உரசுவதால் தொற்றுகிறது. காந்திபுரம் பேருந்து நிலையக் கழிப்பறை, நீச்சல் குளம், துண்டு, ஒரே கொடியில் காய்ந்த துணி இவற்றின் மேல் பழி போட முடியாது. உடம்புக்கு வெளியே இந்த வைரஸ் அதிக நேரம் தாங்காது. வாயால் உறவு கொள்ளும்போது உதட்டிலிருக்கும் முதல் வகை பிறப்புறுப்புக்குப் போகும். வளர்ந்த நாடுகளில் இளைஞர்களுக்கு முதன்முறை வரும் பிறப்புறுப்பு ஹெர்பிஸில் பெரும்பங்கு இப்போது முதல் வகைதான். நம் ஊர்களில் பெரும்பாலோர் அதைச் சிறுவயதிலேயே பாட்டியின் முத்தத்தில் வாங்கிவிடுகிறார்கள். அது ஒருவகையில் பிற்காலத்துக்குப் பாதுகாப்பாகவும் அமைகிறது. ஆனால் பிறந்து சில வாரமே ஆன குழந்தைக்கு அது உயிராபத்து. உதட்டில் கொப்புளம் இருப்பவர் சீருக்கு வந்த இடத்தில் பச்சைக் குழந்தையை வாங்கி முத்தமிடக் கூடாது. வீட்டார் முகம் பார்க்காமல் தடுக்கலாம்.

புண் இருக்கும்போது மட்டும்தான் தொற்றும் என்பது பரவலான நம்பிக்கை. பாதி உண்மை. புண் இருக்கும் நாளில் ஆபத்து மிக அதிகம். குறுகுறுப்பு தொடங்கியதிலிருந்து தோல் முழுதாக மூடும்வரை விலகி இருப்பதுதான் சரி. ஆனால் ஒன்றுமே இல்லாத நாளிலும் வைரஸ் தோலின் மேல் கசிகிறது. 2011-இல் வெளியான ஆய்வில் இரண்டாம் வகை இருந்தவர்களிடம் தினமும் பஞ்சால் ஒற்றியெடுத்துப் பார்த்தார்கள். அறிகுறி வருபவர்களிடம் ஐந்து நாளுக்கு ஒருநாள் வைரஸ் இருந்தது. அறிகுறியே வராதவர்களிடமும் பத்து நாளுக்கு ஒருநாள் இருந்தது.

1992-இல் வெளியான இன்னோர் ஆய்வு 144 தம்பதிகளைப் பின்தொடர்ந்தது. ஒருவருக்கு இருந்தது, மற்றவருக்கு இல்லை. ஓராண்டுக்குச் சற்றுக் குறைவான காலத்தில் 14 பேருக்குத் தொற்றியது. அவற்றில் பத்துக்கு ஏழு, இருப்பவருக்கு எந்த அறிகுறியும் இல்லாத சமயத்தில் நடந்த உறவில் தொற்றியவை. கணவரிடமிருந்து மனைவிக்கு 17 சதவீதம். மனைவியிடமிருந்து கணவருக்கு 4 சதவீதம். உடலமைப்பினால் பெண்ணுக்குத்தான் பாரம். இதே கணக்கைத் திருப்பிப் பார்த்தால் 130 ஜோடிகளில் தொற்றவில்லை. கட்டாயம் வந்துவிடும் என்பதும் இல்லை, வரவே வராது என்பதும் இல்லை. அதற்கு நடுவில்தான் ஒரு குடும்பம் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

அந்த எண்ணைக் குறைக்கவும் வழி இருக்கிறது. 2004-இல் 1,484 தம்பதிகளிடம் நடந்த சோதனையில், இருப்பவர் நாள்தோறும் 500 மில்லிகிராம் வாலசைக்ளோவிர் ஒன்று எடுத்துக்கொண்டார். எட்டு மாதத்தில் மருந்து எடுத்த ஜோடிகளில் 14 பேருக்கும், வெறும் மாத்திரை எடுத்த ஜோடிகளில் 27 பேருக்கும் தொற்றியது. ஏறக்குறைய பாதி. ஆணுறையின் பலன் இருபக்கமும் ஒன்றல்ல. 2016-இல் வந்த ஆய்வின் கணக்குப்படி ஆணிடமிருந்து பெண்ணுக்குப் போவதை ஒவ்வொரு உறவிலும் 96 சதவீதமும், பெண்ணிடமிருந்து ஆணுக்குப் போவதை 65 சதவீதமும் குறைக்கிறது. உறை மூடாத தோலிலும் வைரஸ் இருக்கும் என்பதால் இந்த வேறுபாடு. இந்த மருந்துகளின் மூலமான அசைக்ளோவிர், கெர்ட்ரூட் எலியனின் ஆய்வுக்குழுவிலிருந்து வந்தது. வைரஸ் புகுந்த செல்லுக்குள் மட்டுமே விழித்துக்கொள்ளும்படி அமைந்த மருந்து. அவருக்கு 1988-இல் நோபல் பரிசு கிடைத்தது. தடுப்பூசி மட்டும் இன்னும் கைகூடவில்லை.

இப்போது ஒரு குடும்பத்தைக் கற்பனையாக எடுத்துக்கொள்ளலாம். திருச்செங்கோட்டுப் பக்கம். கணவர் போர்வெல் ரிக் வண்டியில் மத்தியப் பிரதேசத்துக்குப் போய் எட்டு மாதம் கழித்து வருகிறார். மூன்று வாரத்தில் மனைவிக்குக் கொப்புளம். இரண்டு வீட்டாரும் கூடி உட்காருகிறார்கள். ஒரு தரப்பு, “வண்டியில போனவன் எங்க போனானோ” என்கிறது. மறுதரப்பு, “ஊட்ல இருந்தவ என்ன பண்ணுனாளோ” என்கிறது. இரண்டும் ஒரே தவறான ஊகத்தின் மேல் நிற்கின்றன: புண் இப்போது வந்ததால் தொற்றும் இப்போதுதான் வந்திருக்கும் என்று.

கணவருக்குத் திருமணத்துக்கு முன்பே வந்து, பத்தாண்டாக அறிகுறியே இல்லாமல் இருந்திருக்கலாம். மனைவிக்குப் பல ஆண்டு முன்பே அவரிடமிருந்து தொற்றி, இப்போதுதான் முதன்முதலாக வெளியே தெரிந்திருக்கலாம். கணவரின் உதட்டில் சிறுவயது முதல் இருக்கும் முதல் வகையாகவும் இருக்கலாம். அப்படியென்றால் வேறொருவர் கதைக்குள்ளேயே இல்லை. புதிய தொடர்பாகவும் இருக்கலாம், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கொப்புளத்தைப் பார்த்து எது என்று சொல்ல முடியாது. ஒரே ஒரு சூழலில்தான் மருத்துவத்துக்குக் கொஞ்சம் பிடி கிடைக்கிறது. புண்ணிலிருந்து எடுத்த மாதிரியில் வைரஸ் இருந்து, அன்றைய ரத்தத்தில் அதே வகைக்கான எதிர்ப்பொருள் இல்லாமல், மூன்று மாதம் கழித்து அது தோன்றினால், தொற்று சமீபத்தியது என்று சொல்லலாம். அப்போதும் யாரிடமிருந்து என்று அது சொல்லாது.

இது வீட்டுத் திண்ணையோடு நின்றுவிடுவதில்லை. 1955-ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம், பதின்மூன்றாம் பிரிவில், தொற்றக்கூடிய நிலையிலுள்ள பால்வினை நோயை மணவிலக்குக்கு ஒரு காரணமாக வைத்திருக்கிறது. ஹெர்பிஸ் வைரஸில் இரண்டு வகை உண்டென்று பிரித்தறிந்ததே 1960-களில்தான். அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் மனத்தில் இருந்தது சிபிலிஸும் கொனோரியாவும்தான். எட்டில் ஒருவருக்கு இருக்கும், பெரும்பாலும் தொல்லை தராத ஒரு வைரஸை அந்த வரிக்குள் திணிப்பது நியாயமா என்பதைச் சட்டம் படித்தவர்கள் யோசிக்க வேண்டும்.

பரிசோதனையில் ஒரு பொறி இருக்கிறது. கரு இரண்டுமுறை கலைந்தால் ‘டார்ச்’ பரிசோதனை எழுதிக் கொடுக்கும் பழக்கம் நாடெங்கும் உண்டு. அதில் ஹெர்பிஸுக்கான ஐ.ஜி.எம். எதிர்ப்பொருள் என்று ஒரு வரி இருக்கும். அது பாசிட்டிவ் என்று சிவப்பில் வந்துவிட்டால் வீடு கலவரப்படும். ஆனால் அந்த ஐ.ஜி.எம். இரண்டு வகையையும் பிரித்துக் காட்டாது. பழைய தொற்று மறுபடி கிளம்பினாலும் வரும். சில சமயம் தொற்றே இல்லாமலும் வரும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் இதைப் பயன்படுத்த வேண்டாம் என்கிறது. அறிகுறி இல்லாதவர்களை ரத்தப் பரிசோதனையில் சலித்துப் பார்ப்பதையே அங்குள்ள நிபுணர் குழு பரிந்துரைப்பதில்லை, ஏனென்றால் பொய்யான பாசிட்டிவ்கள் அதிகம்.

கர்ப்பிணிக்கு உண்மையில் முக்கியமானது வேறொன்று. கருவுறுவதற்கு முன்பே இருந்த பழைய ஹெர்பிஸால் குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. தாயின் எதிர்ப்பொருள் குழந்தைக்கும் போய்ச் சேர்ந்திருக்கும். கடைசி மாதங்களில் புதிதாகத் தொற்றினால்தான் ஆபத்து, மூன்றில் ஒன்று முதல் இரண்டில் ஒன்று வரை. ஆகவே கணவருக்கு இருந்து மனைவிக்கு இல்லை என்றால், அந்த மூன்று மாதம் உறவைத் தவிர்ப்பதே நல்லது, வாயால் கொள்ளும் உறவு உட்பட. பிரசவ வலி எடுக்கும்போது புண் இருந்தால் அறுவைப் பிரசவம் செய்வார்கள். இதைச் செய்ய மருத்துவருக்குச் செய்தி தெரிந்திருக்க வேண்டும். மாமியார் பக்கத்தில் நிற்கும்போது இதைச் சொல்ல முடியாது என்பது உண்மைதான். பரிசோதனைக்குப் படுக்கையில் ஏற்றித் திரையை இழுத்த பிறகு செவிலியரிடம் சொல்லலாம்.

பேருந்து நிலையச் சுவர்களில், லாட்ஜ் அறை எண்ணோடு, பால்வினை நோயைப் பூரணமாகக் குணப்படுத்துவதாக ஒட்டப்படும் நோட்டீஸ்கள் 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அங்கே போவதற்குப் பதிலாக, கட்டணமில்லாத 1097 என்ற எண்ணை அழைக்கலாம். பெயர் சொல்ல வேண்டியதில்லை. கோவையில் திருச்சி சாலை அரசு மருத்துவமனையிலும், மற்ற மாவட்டத் தலைநகர்களிலும் சிவப்புப் பொட்டலம் இலவசம். போவதென்றால் கொப்புளம் கிளம்பிய முதல் இரண்டு நாளுக்குள் போக வேண்டும். மருந்து நன்றாக வேலை செய்வதும், மாதிரியில் வைரஸ் அகப்படுவதும் அப்போதுதான். வேப்பிலையோ மஞ்சளோ களிம்போ அதற்கு முன் பூசக் கூடாது. கணவனும் மனைவியும் சேர்ந்தே போகலாம், இருவரும் தனித்தனியாகப் பேச வேண்டும் என்று கேட்டால் அதற்கும் இடம் கொடுப்பார்கள்.